கிறுக்கிய கைக்கே தூரிகை

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நம்மவர்கள் எல்லோரிடமும் ஒரு நயாகரா கதை இருக்கும். நானும் நயாகராவைப் பார்த்தேன். தண்ணீர் விழுகிறது, ஏராளமாக விழுகிறது, நன்றாக நனைந்தோம். அவ்வளவுதான். அந்த நாட்டில் என்னைப் பிடித்து உலுக்கியது வேறு. மகள் வீட்டிலிருந்து ரயிலேறினால் வந்துவிடுகிற பிலடெல்பியா நகரத்தின் சுவர்கள்! ஊர் திரும்பிய பிறகும் வாயைத் திறந்தால் எனக்கு அதே பேச்சுதான். ‘மறுபடியும் சுவரா?’ என்று வீட்டில் எழுந்து போய்விடுகிறார்கள். அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வகுப்புக்குக் கால அட்டவணையில் இடம் உண்டு, நடப்பில் கிடையாது. கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நின்று, “சார், போர்ஷன் முடியல…” என்று தலையைச் சொறிவார். பீரியட் அவருக்குப் போய்விடும். வெளியே வந்தால் தெருச் சுவரும் நமக்கில்லை. நல்ல சுவராக ஒன்று கண்ணில் பட்டால், அடுத்த தேர்தல் ஆண்டைப் போட்டு ஏதோ ஒரு கட்சி அதை ரிசர்வ் செய்து வைத்திருக்கும். மிச்சத்தை சிமெண்ட் கம்பெனியும் பனியன் கம்பெனியும் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போனவனுக்கு, ஒரு மாநகரமே தன் சுவர்களைத் தெருப்பிள்ளைகளிடம் ஒப்படைத்திருக்கிறது என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

1984இலிருந்து இதுவரை அந்த ஊரில் வரையப்பட்ட சுவரோவியங்கள் 4,000க்கும் மேல். மியூரல் ஆர்ட்ஸ் பிலடெல்பியா என்ற அமைப்பு, நகராட்சியோடு கைகோத்து இதைச் செய்கிறது. சின்னச் சின்னப் பூ, பறவை என்று நினைத்துவிடாதீர்கள். பிராட் தெருவும் ஸ்பிரிங் கார்டன் தெருவும் சந்திக்கிற முனையில் ‘காமன் த்ரெட்ஸ்’ என்று ஒரு ஓவியம். மெக் சாலிக்மன் என்ற ஓவியர் 1998இல் வரைந்தது. எட்டு மாடி உயரம்! தன் பாட்டி வைத்திருந்த பீங்கான் பொம்மைகளையும், பக்கத்துப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளையும் ஒன்றாக நிறுத்தி வரைந்திருக்கிறார். ராணி உடை அணிந்த பொம்மையின் தோரணையும், ஜீன்ஸ் போட்ட பள்ளிக்கூடப் பெண்ணின் தோரணையும் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. தினமும் அந்தத் தெருவைக் கடந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள், எட்டு மாடி உயரத்தில் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன். மருமகன் காரை நிறுத்த இடமில்லாமல் அந்தத் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார், பாவம்.

இதெல்லாம் ஓவியம் வளர்க்கவென்று தொடங்கியதில்லை. ஓவியத்தை, அதாவது கிறுக்கலை, ஒழிப்பதற்காகத் தொடங்கியது.

சுவரில் ஸ்பிரே பெயிண்டால் தன் பெயரை எழுதிவிட்டு ஓடுகிற கிராஃபிட்டி பழக்கத்துக்கு பிலடெல்பியாதான் தாய்வீடு என்று பலர் சொல்கிறார்கள். அறுபதுகளில் டாரில் மெக்ரே என்ற பையன் சிறார் சீர்திருத்தப் பள்ளியில் இருந்தான். பாட்டி செய்து தரும் மக்காச்சோள ரொட்டி வேண்டும் என்று அங்கிருந்த சமையல்காரரை நச்சரித்ததில் ‘கார்ன்பிரெட்’ என்று அவனுக்குப் பட்டப்பெயர் விழுந்தது. வெளியே வந்தவன் அந்தப் பெயரை ஊரெல்லாம் எழுதினான். ஒருமுறை அவன் செத்துவிட்டதாகப் பத்திரிகையில் தவறாகச் செய்தி வர, உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஊருக்குத் தெரிவிக்க மிருகக்காட்சி சாலைக்குள் புகுந்து யானையின் மேலேயே எழுதிவிட்டு வந்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். யானையின் மேல்! என்ன திமிர், என்ன துணிச்சல். எங்கள் பள்ளியில் இப்படி ஒரு பையன் சிக்கியிருந்தால் ஹெட்மாஸ்டர் அறைக்குத்தான் அனுப்பியிருப்பார்கள். நானாக இருந்தால் முதலில் கையெழுத்தைப் பார்த்திருப்பேன்.

எண்பதுகளில் ஊர் முழுக்கக் கிறுக்கல். 1984இல் பதவிக்கு வந்த மேயர் வில்சன் குட் (அந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயர்) கிறுக்கல் ஒழிப்பு அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். பிடிபட்ட பையன்கள் இனிமேல் எழுத மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், கிறுக்கிய சுவர்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதோடு நின்றிருந்தால் அது இன்னொரு அரசுத் திட்டமாகப் போயிருக்கும். அந்த வேலைக்கு ஜேன் கோல்டன் என்ற இளம் ஓவியரை எடுத்தார்களே, அங்கேதான் திருப்பம். கலிஃபோர்னியாவில் சுவரோவியம் வரைந்துகொண்டிருந்தவர், லூபஸ் நோய் வந்ததால் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பியிருந்தார். கிறுக்கும் பையன்களைப் பார்த்ததுமே அவருக்கு ஒன்று விளங்கிவிட்டது. இவர்களுக்கு எழுத்தின் வடிவம் தெரிகிறது, வண்ணம் தெரிகிறது, இருட்டில் உயரமான இடத்தில் நின்று அளவு தவறாமல் வரையத் தெரிகிறது. ஓவியக் கல்லூரியில் வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுப்பதில் பாதியை இவர்கள் போலீஸுக்குப் பயந்து ஓடியபடியே கற்றுவைத்திருக்கிறார்கள்! பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார். 1996இல் அந்தப் பிரிவு நகரப் பொழுதுபோக்குத் துறையின் கீழ் தனிச் சுவரோவியத் திட்டமாக மாறியது. பிரஷ்ஷைக் கொடுத்த நாளிலிருந்து நாற்பதாண்டு காலம் இந்த வேலையை நடத்தியவர் ஜேன் கோல்டன்.

அப்படிச் சுவர் தேய்த்த பையன்களில் ஒருவர் தாரிக் டிராட்டர். பன்னிரண்டு வயதில் கிராஃபிட்டி எழுதிப் பிடிபட்டவர். பிற்காலத்தில் ‘தி ரூட்ஸ்’ ஹிப்ஹாப் குழுவின் முன்னணிப் பாடகராக உலகப்புகழ் பெற்றார். 2013இல் அதே அமைப்பு அந்தக் குழுவைப் பெரிய சுவரோவியமாக வரைந்தது. சுவரைக் கழுவப் போனவர் சுவரிலேயே ஏறி நிற்கிறார். கதை எழுதினால்கூட இது ரொம்ப சினிமாத்தனம் என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

சரி, நான் வரைந்த கதைக்கு வருகிறேன். ஆமாம், நானும் வரைந்தேன்!

ஒரு சனிக்கிழமை ‘கம்யூனிட்டி பெயிண்ட் டே’ என்று மகள் எங்கோ பார்த்துவிட்டு, “அப்பா, யார் வேணும்னாலும் போய்ப் பெயிண்ட் அடிக்கலாமாம், போலாமா?” என்றாள். மருமகனுக்கு அரை மனசு. “மாமா, அந்த ஏரியா பக்கம் நாங்களே போனதில்ல…” என்று இழுத்தார். போனோம். ஒரு சமூகக்கூடத்தில் நீள நீளமான மேஜைகள். மேஜை மேல் வெள்ளைத் துணி. பாராசூட் துணி என்று அதைச் சொல்கிறார்கள். தொட்டால் துணி மாதிரியும் இருக்கிறது, கெட்டிக் காகிதம் மாதிரியும் இருக்கிறது. ஐந்தடிக்கு ஐந்தடி சதுரமாக வெட்டி, அதில் ஓவியத்தின் வெளிக்கோடுகளை மட்டும் இறக்கியிருந்தார்கள். ஒவ்வொரு திட்டுக்கும் உள்ளே ஒரு எண். பிளாஸ்டிக் கிண்ணங்களில் பெயிண்ட், கிண்ணத்தின் மேல் அதே எண். ஏழாம் எண் திட்டுக்கு ஏழாம் எண் வண்ணம். இவ்வளவுதான் விஷயம். நாலு வயதுக் குழந்தையும் செய்யலாம், எண்பது வயதுக் கிழவியும் செய்யலாம். இரண்டு பேருமே அங்கே செய்துகொண்டிருந்தார்கள்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இது நம்ம பேனர் வேலை அல்லவா! மதுரையிலும் சென்னையிலும் சினிமா பேனர் வரைந்தவர்கள் ஸ்டில் போட்டோ மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாக இழுத்து, ஒவ்வொரு கட்டமாக எம்.ஜி.ஆர். முகத்தை ஏற்றுவார்கள். சின்ன வயதில் அந்தக் கொட்டகைகளின் வாசலில் நின்றே நான் படம் கற்றுக்கொண்டேன். அங்கே மாஸ்டர் முகத்துக்கு, சீடன் சட்டைக்கு, கற்றுக்குட்டி பின்னணிக்கு என்று படிநிலை உண்டு. இங்கே அதையும் உடைத்துவிட்டார்கள். முகத்தின் கன்னத்து நிழலையும் தெருப் பையன்தான் பூசுகிறான். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று முன்கூட்டியே பிரித்து வைப்பதில்தான் ஓவியரின் வித்தை முழுக்க இருக்கிறது. ஒரு முகத்தின் பழுப்பு நிறத்தை மட்டும் எத்தனையோ தனித்தனி நிறங்களாகப் பிரித்திருந்தார். கிட்டே பார்த்தால் நாட்டின் வரைபடம் மாதிரி துண்டு துண்டாக இருக்கிறது. பத்தடி தள்ளிப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், ஒரு அம்மா சிரிக்கிறாள்.

எனக்குப் பக்கத்தில் பத்து வயது இருக்கும் கறுப்பினப் பையன் ஒருவன். நாக்கை ஓரத்தில் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்து வேலை செய்துகொண்டிருந்தான். என் பிரஷ் கோட்டுப் பக்கம் நெருங்கியதும், “மெதுவா, சார். கோட்டுக்கு வெளியே போனா அடுத்த நம்பர்காரருக்குக் கஷ்டம்” என்றான். வேலைக்காலம் முழுவதும் பிள்ளைகளிடம் நான் சொன்ன வசனத்தை முதல்முறையாக எனக்குச் சொன்னவன் அவன்தான். அடுத்த நம்பர்காரருக்கு! அவன் தன் திட்டைப் பற்றிப் பேசவில்லை, பக்கத்து ஆளின் வேலையைப் பற்றிப் பேசுகிறான். எதிரே உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவராம். முதலில் கொண்டுவந்த ஸ்கெட்ச் தெருக்காரர்களுக்குப் பிடிக்காமல் போனது, கூட்டம் போட்டு வாக்குவாதம் நடந்தது, முடிவில் மூலைக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் படத்தில் சேர்க்க வைத்தது என்று எல்லாவற்றையும் வாய் ஓயாமல் சொன்னார். “என் தெரு, நான் சொல்றதுதான் வரணும்” என்றார். கல்யாண வீட்டில் பந்தி மேற்பார்வை பார்க்கும் நம்மூர் அத்தைமார்கள்தான் போங்கள்.

இந்தக் கூட்டம், வாக்குவாதம் எல்லாம் தற்செயல் இல்லை, முறையே அப்படித்தான். தெருக்காரர்கள் கேட்டால்தான் சுவர். வீட்டுக்காரர் அனுமதி தர வேண்டும். ஓவியர் வந்து உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேட்க வேண்டும். ஸ்கெட்ச்சைக் காட்ட வேண்டும். மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். துணியெல்லாம் வரைந்து முடிந்ததும் சாரம் கட்டி, அக்ரிலிக் ஜெல்லைப் பசையாகத் தடவி, வால்பேப்பர் ஒட்டுவதுபோல் கட்டம் கட்டமாக ஒட்டுகிறார்கள். காய்ந்த பிறகு விளிம்பு தெரியாது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன் (யாரும் பார்க்காதபோதுதான்). சுவரின் தோல்போல ஆகிவிடுகிறது. கடைசியில் திறப்பு விழா, பாட்டு, சாப்பாடு. ரிப்பன் வெட்ட வருகிறவர் பெரிய மனிதராக இருந்தாலும், ‘அதோ அந்தச் செருப்பு நான் போட்ட பெயிண்ட்’ என்று விரல் நீட்டுகிற பிள்ளைகள்தான் அங்கே கதாநாயகர்கள். இரவில் அந்தச் சுவரில் எவனாவது கிறுக்குவானா? அவன் தம்பி வரைந்த செருப்பு மேல் அவன் எப்படிக் கிறுக்குவான்!

துணியில் வரைவதால் இன்னொரு பெரிய காரியம் நடக்கிறது. சுவரிடம் வர முடியாதவர்களிடம் சுவர் போகிறது. பிலடெல்பியாவுக்கு வெளியே கிரேட்டர்ஃபோர்ட் என்று பெரிய சிறைச்சாலை இருந்தது, 2018இல் மூடிவிட்டார்கள். அங்கே ஆயுள் தண்டனைக் கைதிகள் மேஜையில் துணியை விரித்து வரைய, அது ஊருக்குள் போய்ச் சுவரில் ஏறியது. ‘ஹீலிங் வால்ஸ்’ என்று 2004இல் ஒரு வேலை. குற்றம் செய்தவர்களையும், குற்றத்தில் பிள்ளையையோ புருஷனையோ பறிகொடுத்தவர்களையும் ஒரே வேலையில் சேர்த்தார்கள். இரு தரப்பும் எளிதில் ஒத்துப்போகவில்லை, போகவும் முடியாது. ஆகவே இரண்டு சுவரோவியங்கள்: ஒன்று கைதிகளின் பயணம், மற்றது பாதிக்கப்பட்டவர்களின் பயணம். ‘கான்கிரீட், ஸ்டீல் அண்ட் பெயிண்ட்’ என்ற ஆவணப்படத்தில் இந்தக் கதை முழுவதும் இருக்கிறது. மகள் லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். பாதியில் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்துதான் மீதியைப் பார்த்தேன். சிறையிலிருந்து வெளிவந்தவர்களுக்கும், போலீஸ் கேஸில் மாட்டிய இளைஞர்களுக்கும் ‘தி கில்ட்’ என்று சம்பளத்தோடு தொழில்பயிற்சி நடத்துகிறார்கள். சம்பளத்தோடு என்பதைக் கவனியுங்கள். கலை ஆர்வத்தை வளர்க்கிறோம் என்று சொல்லிவிட்டு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவதில்லை.

இதுவரை சொன்ன அத்தனையும் ஒரு பக்கம், ஜெர்மன்டவுன் அவென்யூவில் லில்லி யே என்ற ஓவியர் செய்து வைத்திருப்பது இன்னொரு பக்கம். அதைப் பார்க்காமல் வந்திருந்தால் அமெரிக்கா போனதே வீண்.

லில்லி யே சீனாவில் பிறந்து தைவானில் வளர்ந்தவர், 1963இல் படிக்க அமெரிக்கா வந்தவர். ஓவியப் பேராசிரியர். 1986இல் ஆர்தர் ஹால் என்ற கறுப்பின நடனக் கலைஞர், வட பிலடெல்பியாவில் தன் கட்டடத்துக்குப் பக்கத்தில் கிடந்த காலி மனையில் ஏதாவது செய்யுங்களேன் என்று கேட்டார். வட பிலடெல்பியா அப்போது எப்படி இருந்தது? ஆலைகள் மூடி, வேலை போய், மக்கள் வெளியேறி, இடிந்த வீடுகளும் குப்பை மனைகளும் கஞ்சா, கொக்கெய்ன் விற்பனையுமாகக் கிடந்த பகுதி. கையில் இருந்த மானியம் 2,500 டாலர். ஆள் இல்லை. அனுபவம் இல்லை. அந்த அம்மாவுக்கே உள்ளூர நடுக்கம். ஆனாலும் போனார். பெரியவர்கள் யாரும் கிட்ட வரவில்லை, பிள்ளைகள் வந்தார்கள். எங்கேயும் முதலில் வருவது பிள்ளைகள்தானே. குப்பையை அள்ளினார்கள். மனையின் நடுவில் குச்சியால் ஒரு வட்டம் வரைந்து, இதுதான் மையம், இங்கிருந்து தொடங்குவோம் என்றார். சிமெண்டில் மரங்கள் செய்து உடைந்த ஓட்டுச்சில்லுகளை அதில் பதித்தார்கள். அக்கம்பக்கத்தில் இருந்த ஜோஜோ வில்லியம்ஸ் வந்து சேர்ந்தார். ‘பிக் மேன்’ என்று எல்லோரும் அழைத்த ஜேம்ஸ் மாக்ஸ்டன் வந்தார். போதைப்பழக்கத்தில் மூழ்கிக் கிடந்த ஆஜானுபாகு மனிதர். அவர் கையில் ஓட்டுச்சில்லைக் கொடுத்தார்கள். அவர் மொசைக் கலைஞர் ஆனார். அந்தத் தெருப் பிள்ளைகளுக்குக் குருவும் ஆனார்.

ஏஞ்சல் ஆலி என்று ஒரு சந்து. எத்தியோப்பிய தேவாலய ஓவியங்களின் பாணியில், அகன்ற கண்களோடு, கையில் வாளோடு காவல் தேவதைகள் சுவரில் வரிசையாக நிற்கிறார்கள். எங்கள் ஊர் எல்லையில் நிற்கும் அய்யனார் சாமிக்கு அண்ணன் தம்பிகள்! அதே முட்டைக்கண்ணு, அதே மிரட்டல், அதே ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற தைரியம். போதை விற்றுக்கொண்டிருந்த சந்தில் இவர்களை நிறுத்தினார் பாருங்கள், அது கலையறிவு மட்டும் இல்லை, ஊரறிவு. சில்லுகளைக் கையால் தடவிப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு, குளியலறை ஓடு, கண்ணாடித் துண்டு, எல்லாம் ஏதோ ஒரு வீட்டில் உடைந்த சாமான்கள். ஒவ்வொன்றின் கூர்முனையையும் சிமெண்டுக்குள் திருப்பிப் பதித்திருக்கிறார்கள், குழந்தைகள் தொட்டால் கிழிக்காது. அதை யோசித்துச் செய்த கையை என்னவென்று சொல்வது?

அந்தக் காலி மனையிலிருந்து முளைத்த அமைப்புதான் ‘வில்லேஜ் ஆஃப் ஆர்ட்ஸ் அண்ட் ஹியுமானிட்டீஸ்’. பூங்காக்கள், தோட்டங்கள், பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து கற்கும் வகுப்புகள், நாடகம் என்று விரிந்தது. லில்லி யே 2004இல் அதை உள்ளூர்க்காரர்கள் கையில் கொடுத்துவிட்டு ருவாண்டாவுக்குப் போய், இனப்படுகொலையில் பிழைத்தவர்களோடு நினைவிடம் கட்டினார். கட்டி எழுப்பியதை விட்டுப் போகத் தெரிந்த கலைஞர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர் போன பிறகும் அந்த இடம் படுத்துவிடவில்லை. ‘பீப்பிள்ஸ் பேப்பர் கோ-ஆப்’ என்று ஒன்றைப் பிற்பாடு அங்கே தொடங்கினார்கள். ஒருவர் மேல் இருக்கும் பழைய போலீஸ் பதிவுகளை, சட்டப்படி நீக்க முடிந்தவற்றை, இலவச வழக்கறிஞர்கள் வந்து நீக்கித் தருகிறார்கள். வேலை கிடைக்காமல் அலையவைத்த அந்தக் காகிதத்தை அவரே கிழித்து, மிக்ஸியில் போட்டு அரைத்து, கூழாக்கி, அதிலிருந்து கையால் புதுத்தாள் செய்கிறார்! அந்தத் தாளில் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்கிறார். எந்தப் புத்திசாலிக்கு இது தோன்றியதோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் தேன் ஒழுகுகிறது என்று சொல்ல மாட்டேன். வெயிலும் பனியும் ஓவியத்தைத் தின்கின்றன. பழையவற்றைப் புதுப்பிக்கவே பெரும் பணம் வேண்டும். தெரு அழகானதும் பில்டர்கள் மூக்கில் வியர்த்துவிடுகிறது. பக்கத்துக் காலி மனையில் அடுக்குமாடி எழும்பி ஓவியத்தை மறைத்துவிடுகிறது. யாருடைய முகம் சுவரில் வரலாம் என்பதிலும் சண்டை. ஃபிராங்க் ரிஸோ என்ற பழைய மேயரின் முகம் இத்தாலியன் மார்க்கெட்டில் 1995 முதல் இருந்தது. கறுப்பின மக்கள்மேல் கடுமை காட்டிய போலீஸ் கமிஷனராக இருந்தவர். வரைந்த நாளிலிருந்து அதன்மேல் பெயிண்ட் வீச்சுதான். 2020 ஜூனில் அழித்தார்கள். என்னைக் கேட்டால் இதுவும் நல்லதுக்கே. சுவரைப் பற்றிச் சண்டை போடுகிற தெருவுக்கு உயிர் இருக்கிறது.

‘படம் வரைந்தால் பசி தீருமா?’ என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. என் மருமகனே கேட்டார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்க் ஸ்டெர்ன், சூசன் சைஃபர்ட் என்ற இருவர் 1994இலேயே இதை ஆராயத் தொடங்கிவிட்டார்கள். நியூயார்க் நகரத்தைப் பற்றி 2017இல் வெளியிட்ட ஆய்வில், வருமானம் குறைந்த பகுதிகளில் கலை வசதிகள் நிறைந்தவற்றையும் இல்லாதவற்றையும், பொருளாதார வேறுபாடுகளைக் கழித்துவிட்டு, ஒப்பிட்டார்கள். கலை இருக்கும் பகுதிகளில் கடுங்குற்றங்கள் 18 சதவீதம் குறைவு, குழந்தைகள் துன்புறுத்தப்பட்ட வழக்குகள் 14 சதவீதம் குறைவு. கலைதான் இதற்குக் காரணம் என்று அவர்களே அடித்துச் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து இருக்கின்றன என்கிறார்கள். மருமகன் சாஃப்ட்வேர்காரர், சதவீதம் சொன்னால்தான் தலையாட்டுவார். எனக்கு அந்தப் பத்து வயதுப் பையனின் ‘அடுத்த நம்பர்காரர்’ போதும்.

நம் ஊரிலும் நடக்காமல் இல்லை. சென்னை கண்ணகி நகரில், கூவக்கரையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுபோய்க் குடிவைத்த மக்களின் அடுக்குமாடிச் சுவர்களில் 2020இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு பிரமாண்டமான ஓவியங்களை வரையச் செய்தது. போய்ப் பார்த்தேன். அபாரமான கைகள். சிரிக்கும் குழந்தைகளின் முகங்கள் மனசை அள்ளுகின்றன. கண்ணகி நகர் என்றாலே முகம் சுளித்தவர்கள் கேமராவோடு வந்தார்கள், அது சின்ன விஷயமா? ஆனாலும் எனக்குப் பேராசை. ஓவியர் வந்து வரைந்துவிட்டுப் போவதோடு முடியாமல், அந்தத் தெருப் பிள்ளைகள் வருஷா வருஷம் வந்து உட்கார ஒரு கொட்டகையும், மாதாமாதம் சம்பளம் வாங்கும் ஒரு மாஸ்டரும், தீராத பெயிண்ட் டப்பாக்களும் வேண்டும். பிலடெல்பியாக்காரன் நாற்பது வருஷம் விடாமல் செய்தான். அவன் ரகசியம் திறமையில் இல்லை, விடாமல் செய்ததில் இருக்கிறது. பேனர் வரைந்த கைகள் ஃபிளெக்ஸ் வந்த பிறகு சும்மா கிடக்கின்றன. கட்டம் போடத் தெரிந்த கடைசித் தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. ஊராட்சித் தலைவர்களே, கவுன்சிலர்களே, ஒரே ஒரு சுவரை இவர்களிடமும் தெருப் பிள்ளைகளிடமும் கொடுத்துத்தான் பாருங்களேன்! அடுத்த தேர்தலுக்கு ரிசர்வ் செய்யாமல்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிலடெல்பியாவில் விடுதலை மணியைப் பார்க்கத்தான் எல்லோரும் கூட்டிப்போவார்கள். பாருங்கள், அதில் ஒரு விரிசல் இருக்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து மார்க்கெட் தெரு ரயிலில் மேற்கே 69ஆம் தெரு போகும் வண்டியில் ஏறுங்கள். நாற்பதாம் தெரு நிலையம் வரை சுரங்கத்தில் போகும், பிறகு வெளிச்சத்துக்கு ஏறி மாடிகளின் உயரத்தில் ஓடும். அங்கிருந்து 63ஆம் தெரு வரை ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். 2009இல் ஸ்டீவ் பவர்ஸ் என்ற ஓவியர், அந்தப் பக்கத்திலேயே வளர்ந்து ஒரு காலத்தில் சுவரில் திருட்டுத்தனமாகக் கிறுக்கியவர், மொட்டைமாடிகளை ஒட்டிய 50 சுவர்களில் கடைப்பலகை எழுத்துபோலப் பெரிய பெரிய எழுத்தில் ஒரே காதல் கடிதத்தை எழுதிவைத்திருக்கிறார். ரயிலில் போகிறவர்கள் படிப்பதற்காகவே எழுதியது. இத்தனை ஆண்டுகளில் சில நிறம் மங்கியிருக்கலாம், சிலவற்றைக் கட்டடம் மறைத்திருக்கலாம். சுவர்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. போகும்போதும் வரும்போதும் வலப்பக்கமாகவே உட்காருங்கள், இரண்டு பக்கத்தையும் பார்த்துவிடலாம். டிக்கெட் விலை சொற்பம். பேரப்பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.